வைரஸை இயக்குவது யார்?

"கணினியில் வைரஸ் ஏறிவிட்டது" என்று சொல்கிறோம். ஏதோ காற்றில் மிதந்து வந்து, மின்விசிறித் துளை வழியாகப் பெட்டிக்குள் புகுந்துவிட்டதைப் போல. பெயர் செய்த குழப்பம் அது. கணினி வைரஸ் ஒரு நிரல், அவ்வளவுதான். கணக்குப் போடும் நிரலும் படம் காட்டும் நிரலும் எந்தக் கட்டளைகளால் ஆனவையோ, அதே கட்டளைகளால்தான் அதுவும் ஆனது. வட்டில் சும்மா கிடக்கும் வைரஸ் கோப்பு அலமாரியில் கிடக்கும் புத்தகத்தைப் போன்றது. யாராவது எடுத்துப் பிரிக்கும் வரை அதனால் எதுவும் செய்ய முடியாது.

ஆகவே எந்த வைரஸைப் பற்றிப் படித்தாலும், அது செய்த நாசத்தைவிட எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறொன்று: அதை இயக்கியது யார்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

மூன்று சொற்களை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வோம். வைரஸ் இன்னொரு நிரலிலோ ஆவணத்திலோ ஒட்டிக்கொண்டு தன்னைப் பிரதி எடுக்கும். புழுவுக்கு ஒட்டிக்கொள்ள ஆள் தேவையில்லை; வலையமைப்பு வழியாகத் தானே ஊர்ந்து போகும். ட்ரோஜன் தானாகப் பெருகாது. நல்ல நிரலைப் போல வேடமிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று நாம் வைரஸ் என்று திட்டுவதில் பெரும்பகுதி உண்மையில் வைரஸ் இல்லை. பேச்சு வழக்கில் எல்லாமே வைரஸ்தான், இந்தக் கட்டுரையிலும் சில இடங்களில் அப்படித்தான் வரும்.

தன்னைத் தானே பிரதி எடுக்கும் எந்திரம் சாத்தியமா என்று கணித முறையில் யோசித்தவர் ஜான் வான் நாய்மன். 1949இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் இதை விவாதித்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1966இல், அது நூலாக வந்தது. சிக்கல் இதுதான்: ஓர் எந்திரம் தன்னைப் போல இன்னொன்றைச் செய்ய வேண்டுமானால் தன்னைப் பற்றிய முழு வரைபடம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். அப்படியானால் அந்த வரைபடத்துக்குள் அந்த வரைபடமும் இருக்க வேண்டும், அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. நாய்மன் அதை அழகாக அவிழ்த்தார். வரைபடத்தை இரண்டு முறை பயன்படுத்து. முதல் முறை அதைப் படித்து அதன்படி எந்திரத்தைச் செய். இரண்டாம் முறை, என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல், அப்படியே நகலெடுத்துப் புது எந்திரத்தின் கையில் கொடுத்துவிடு. டிஎன்ஏவின் அமைப்பு 1953இல் தெரியவந்த பிறகுதான் உயிரணுவும் ஏறக்குறைய இதையே செய்கிறது என்பது புரிந்தது.

கணினிக்குள் இந்த வேலை இன்னும் எளிது. நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில், ஒரே விதமான பைட்டுகளாக, அதாவது எண்களால் ஆன சிறு துண்டுகளாகத்தான் கிடக்கின்றன. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தான் இருக்கும் இடத்தையே தரவாகப் பாவித்து, "இங்கிருந்து அதுவரை உள்ள பைட்டுகளை அந்தக் கோப்பில் எழுது" என்று கட்டளையிடலாம். புகைப்படம் ஒன்றை நகலெடுக்கச் சொல்வதற்கும் இதற்கும் கணினியின் கண்ணில் வேறுபாடு கிடையாது.

1971இல் பிபிஎன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாப் தாமஸ் எழுதிய 'கிரீப்பர்' இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகளுக்கிடையே தாவித் தாவிச் சென்றது. "நான் கிரீப்பர், முடிந்தால் என்னைப் பிடி" என்று எழுதிக் காட்டியதைத் தவிர அது எந்தத் தீங்கும் செய்யவில்லை. அதைத் துரத்தி அழிக்க 'ரீப்பர்' என்று ஒன்றை ரே டாம்லின்சன் எழுதினார். இன்றைய மின்னஞ்சலுக்குத் தொடக்கம் போட்டவரும் அவரே. ஆய்வுக்கூடத்துக்குள் நடந்த விளையாட்டு அது.

வெளியுலகில், சாதாரண மனிதர்களின் கணினிகளில் பரவிய வைரஸ்களில் முன்னோடி என்று சொல்லத்தக்கது 1982இல் வந்த 'எல்க் குளோனர்'. எழுதியது ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவன். ஆப்பிள் 2 கணினியில், செருகி எடுக்கக்கூடிய ஃபிளாப்பி வட்டு வழியாகப் பரவிய அது, பாதிக்கப்பட்ட ஃபிளாப்பியிலிருந்து கணினியை 50ஆவது முறை தொடங்கும்போது திரையில் ஒரு குட்டிக் கவிதையைக் காட்டும். நண்பர்களைச் சீண்டிப் பார்க்கச் செய்த வேலை. அந்த ஃபிளாப்பியில் இருந்த வைரஸை யார் இயக்கினார்கள்? கணினியே இயக்கியது. இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அடுத்த பத்தாண்டுகளுக்கு இந்த வழிதான் ராஜபாட்டையாக இருந்தது.

பழைய ஐபிஎம் வகைக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் அதற்கு எதுவும் தெரியாது. இயங்குதளம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதன் சிப்பில் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வட்டின் முதல் பகுதியை, வெறும் 512 பைட்டுகளை, நினைவகத்தில் ஏற்று, அதில் உள்ள கட்டளைகளைச் செயல்படுத்தத் தொடங்கு. அந்த 512 பைட்டுகளை எழுதியது யார் என்று அது கேட்பதில்லை. எனவே அந்த இடத்தில் குடியேறிய வைரஸ் இயங்குதளத்துக்கும் முன்னதாக விழித்துக்கொள்ளும். வந்ததும் நினைவகத்தின் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு, அசல் தொடக்கப் பகுதியை வேறிடத்திலிருந்து எடுத்து இயக்கிவிடும். கணினி வழக்கம்போலத் தொடங்கும். பிறகு செருகப்படும் ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் அது தன்னை எழுதிக்கொள்ளும்.

ஃபிளாப்பி காலத்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். முந்தைய நாள் செருகிய ஃபிளாப்பியை எடுக்க மறந்து கணினியை இயக்குவோம். "இது சிஸ்டம் வட்டு இல்லை, மாற்றிவிட்டு ஒரு விசையை அழுத்தவும்" என்று திரையில் வரும். ஃபிளாப்பியை உருவிவிட்டு ஒரு விசையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்த வாக்கியத்தைத் திரையில் எழுதியதே ஃபிளாப்பியின் முதல் 512 பைட்டுகளில் இருந்த நிரல்தான் என்பது அன்று பலருக்கும் தெரியாது. அதாவது செய்தியைப் படித்து முடிப்பதற்குள் அங்கே வைரஸ் இருந்திருந்தால் அது ஓடியே முடித்திருக்கும்.

ஐபிஎம் வகைக் கணினிகளில் இப்படிப் பரவிய முதல் வைரஸ் 1986இல் வந்த 'பிரெய்ன்'. பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் அதை எழுதினார்கள். தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வைரஸ் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்: பிரெய்னுக்குள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, தடுப்பு மருந்துக்குத் தொடர்பு கொள்ளவும் என்று சேர்த்திருந்தார்கள். 2011இல் மிக்கோ ஹிப்போனன் என்ற ஃபின்லாந்து ஆய்வாளர் அந்த முகவரிக்குப் போனபோது, அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

வெகுளித்தனமாகத் தோன்றினாலும் பிரெய்ன் கெட்டிக்கார நிரல். ஃபிளாப்பியில் தான் பதுங்கிய பகுதிகளைப் பழுதான பகுதிகள் என்று குறித்து வைத்தது, வேறு யாரும் அங்கே எழுதிவிடாதபடி. யாராவது முதல் பகுதியைப் படித்துச் சோதித்தால், குறுக்கே புகுந்து அசல் பகுதியை எடுத்துக் காட்டியது.

இதற்குள் பெயரும் வந்துவிட்டது. 1983 நவம்பரில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹன், கணினிப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றுக்காக, யுனிக்ஸ் என்ற இயங்குதளம் கொண்ட கணினியில் ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் விரும்பி இயக்கும் ஒரு நிரலில் தன் நிரலை ஒட்டிவிட்டார். அதை எழுத அவருக்கு 8 மணி நேரம் பிடித்தது. கணினியின் முழு அதிகாரமும் கைக்கு வரச் சராசரியாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு 'வைரஸ்' என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனார்ட் அடில்மன். உருவாக்கிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் மூன்றாவது எழுத்து அவருடையது. பல்கலைக்கழக நிர்வாகம் அதற்குப் பிறகு இத்தகைய சோதனைகளுக்கு அனுமதி மறுத்தது. மறுத்து என்ன பயன்?

கோஹன் செய்ததைப் போல ஒரு நிரலில் ஒட்டிக்கொள்வது எப்படி? விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்தின் எளிய நிரல் கோப்பு முதல் பைட்டிலிருந்து வரிசையாக ஓடும். வைரஸ் தன் முழு உடலையும் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டு, முதல் மூன்று பைட்டுகளை மட்டும் மாற்றும். அந்த மூன்றில் இருப்பது "கடைசிக்குத் தாவு" என்ற ஒரே கட்டளை. பழைய மூன்று பைட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும். நீங்கள் நிரலைத் தொடங்கியதும் கட்டுப்பாடு கடைசிக்குப் போகும். வைரஸ் தன் காரியத்தை முடித்து, அந்த மூன்று பைட்டுகளை நினைவகத்தில் பழைய இடத்தில் வைத்து, முதலுக்குத் திரும்பும். 300 பக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "301ஆம் பக்கத்தைப் படித்துவிட்டு வரவும்" என்று ஒரு சீட்டை ஒட்டியதைப் போல. கதை மாறாததால் வாசகருக்குச் சந்தேகமே வராது. இங்கே வைரஸை இயக்கியவர் கணினியின் உரிமையாளர், ஆனால் அவர் இயக்கியதாக நினைத்தது ஒரு விளையாட்டை.

பெருகத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும். 1987இல் ஜெருசலேம் நகரில் கண்டுபிடிக்கப்பட்டு அந்த ஊரின் பெயரையே பெற்ற வைரஸ், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையானால் இயக்கப்படும் நிரல்களை அழிக்கும்படி எழுதப்பட்டது. ஆனால் ஒருவகை நிரல் கோப்புகளில் தான் ஏற்கெனவே இருக்கிறோமா என்று பார்க்கும் பகுதியில் பிழை. ஒரே கோப்பில் மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொண்டது. கோப்பு ஊதிக்கொண்டே போக, அந்த வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்பே அது காட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டது.

இதே இடத்தில்தான் ராபர்ட் மாரிஸும் சறுக்கினார். கார்னெல் பல்கலைக்கழக மாணவரான அவர் 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் விட்ட புழு, ஒரு கணினிக்குள் நுழைந்ததும் "இங்கே ஏற்கெனவே இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் விலகிக்கொள்ளும். ஆனால் கணினி நிர்வாகிகள் பொய்யாக அப்படிப் பதில் சொல்லி ஏமாற்றக்கூடும் என்று மாரிஸ் அஞ்சினார். எனவே 7இல் ஒரு முறை, என்ன பதில் வந்தாலும் தங்கிவிடும்படி எழுதினார். அந்த விகிதம் மிக அதிகம். ஒரே கணினியில் எண்ணற்ற பிரதிகள் குவிந்து கணினிகள் மூச்சுத் திணறின. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டன என்பது அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு. மாரிஸுக்குச் சிறை கிடைக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அந்தப் புழுவை யாரும் தொடவில்லை, எதையும் திறக்கவில்லை. அப்படியானால் இயக்கியது யார்? அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று மிகவும் பாடம் தருவது. 'ஃபிங்கர்' என்ற சேவை நிரல், வெளியிலிருந்து வரும் கேள்வியை வாங்கி வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வருவது அதற்குள் அடங்குகிறதா என்று சரிபார்க்கவில்லை. புழு 536 பைட் அனுப்பியது. மிகுதி வழிந்து பக்கத்து இடத்தில் விழுந்தது. அந்தப் பக்கத்து இடத்தில்தான் "இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்" என்ற முகவரி இருந்தது. வழிந்த பைட்டுகள் அந்த முகவரியை அழித்து, புழு அனுப்பிய கட்டளைகள் இருக்கும் இடத்தின் முகவரியை எழுதின. வேலையை முடித்த ஃபிங்கர் நிரல், வீட்டுக்குத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு எதிரியின் வீட்டுக்குப் போனது. வெறும் தரவாக வந்தது கட்டளையாக மாறிய தருணம் அது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த ஓட்டை வகை ஒழியவில்லை.

ஆவணம் என்றால் படிக்கத்தான், அதில் வைரஸ் வராது என்று 1990களின் நடுவரை எல்லோரும் நம்பினார்கள். வேர்டு மென்பொருள் ஆவணத்துக்குள் மேக்ரோ என்ற சிறு நிரல்களை எழுத வழி செய்தபோது அந்த நம்பிக்கை காலாவதியானது. 1995இல் வந்த 'கான்செப்ட்' திறந்ததும் '1' என்ற எண்ணைக் காட்டும் ஒரு சிறு பெட்டியோடு நிறுத்திக்கொண்டது. 1999 மார்ச்சில் வந்த 'மெலிசா' அவ்வளவு அடக்கமானதல்ல. ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது.

2000ஆம் ஆண்டு மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பியது காதல் கடிதம். 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் வந்த மின்னஞ்சலின் இணைப்பில் இருந்த கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரிந்தது, அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு பின்னொட்டு இருந்தது. அது இயங்கும் நிரல் என்பதற்கான அடையாளம். விண்டோஸ் தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளைப் பயனர் கண்ணில் படாமல் மறைத்துவிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு காதலுக்குத் தூது போனது. சொடுக்கியவுடன் படக் கோப்புகளை அழித்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பியது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்பதால் அவர்களும் திறந்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம்கூடத் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது. எழுதிய ஓனல் டி குஸ்மான் தண்டிக்கப்படவில்லை, அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கென்று சட்டமே இல்லை.

மனிதர்களை நம்பியிருந்தால் மனித வேகத்தில்தான் பரவ முடியும். 2003 ஜனவரி 25 அன்று வந்த 'ஸ்லாமர்' புழு அந்தத் தடையை உடைத்தது. அதன் மொத்த அளவு 376 பைட். ஒப்பிட்டுப் பார்க்க: தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், 'கி' போன்ற எழுத்து இரண்டு குறி. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களே ஏறக்குறைய 376 பைட்டை நிரப்பிவிடும். அவ்வளவு சிறிய நிரல், தரவுத்தள மென்பொருள் ஒன்றில் இருந்த ஓட்டை வழியாக, தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. 10 நிமிடத்துக்குள் அந்த ஓட்டை உள்ள கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. வட்டில் எதையும் எழுதவில்லை. கணினியை நிறுத்தித் தொடங்கினால் போய்விடும், ஓட்டையை அடைக்காவிட்டால் உடனே திரும்ப வந்துவிடும். அடைப்பதற்கான திருத்தமோ ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது.

2010இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஈரானின் நடன்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் எந்திரங்களைக் கெடுப்பதே அதன் நோக்கம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இணையத்தோடு தொடர்பில்லாத இடங்களுக்கும் பென் டிரைவ் வழியாகப் போய்ச் சேரும்படி எழுதப்பட்டிருந்தது. பென் டிரைவில் உள்ள கோப்பை யாரும் திறக்க வேண்டியதில்லை. கோப்புறையைப் பார்த்தாலே போதும். கோப்புக்கான சிறு படத்தை வரைய விண்டோஸ் முயலும்போதே அது இயங்கிவிடும். எந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றிக்கொண்டே, முன்பு பதிந்து வைத்த இயல்பான அளவுகளைக் கண்காணிப்பவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிரெய்ன் அசல் பகுதியை எடுத்துக் காட்டியதே, அதே தந்திரம்.

பிறகு பணம் வந்தது. கோப்புகளைப் பூட்டி மீட்புத் தொகை கேட்கும் யோசனை 1989இலேயே, ஃபிளாப்பியைத் தபாலில் அனுப்பிய ஒருவருக்குத் தோன்றியதுதான். அன்று பணத்தைப் பனாமாவில் ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னார்கள். பிட்காயின் வந்த பிறகே அது தொழிலாக வளர்ந்தது. 2017 மே 12 அன்று பரவிய 'வானாகிரை' பிரிட்டனின் பொது மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தமும் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது. அதை நிறுத்தியதில் ஒரு வேடிக்கை உண்டு. இயங்கும் முன் அது விசித்திரமான இணையப் பெயர் ஒன்றைத் தொடர்புகொள்ள முயலும்; பதில் வந்தால் நின்றுவிடும். அந்தப் பெயரை யாரும் பதிவு செய்யவில்லை என்று கவனித்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், ஆய்வுக்குப் பயன்படும் என்று சில டாலர் செலவில் அதைப் பதிவு செய்தார். புழு நின்றது. அப்படி நிற்கும் என்று பதிவு செய்யும்போது அவருக்கே தெரியாது.

ஆன்டிவைரஸ் இவற்றை எப்படிப் பிடிக்கிறது? ஆரம்ப முறை கைரேகை போன்றது. தெரிந்த வைரஸின் உடலில் வேறெங்கும் வராத ஒரு பைட் வரிசையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பிலும் அதைத் தேடுவது. திரையில் உள்ள எழுத்துகளை உதிர்ந்து விழச் செய்த 'காஸ்கேட்' வைரஸ், கோப்புக்குக் கோப்பு தன் உடலைச் சங்கேதமாக்கி இந்த முறைக்குப் பதில் சொன்னது. ஆனால் சங்கேதத்தை அவிழ்க்கும் சிறு பகுதி மாறாமல் இருக்க வேண்டியிருந்ததால் அதையே கைரேகையாகக் கொண்டார்கள். அந்தப் பகுதியையும் ஒவ்வொரு பிரதியிலும் மாற்றி எழுதும் வைரஸ்கள் 1990களில் வந்தன. அதற்குப் பிறகு, தோற்றத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்க வேண்டியதாயிற்று: தனியாகக் கட்டிய போலிக் கணினிக்குள் நிரலை ஓடவிட்டு, அது என்னென்ன கோப்புகளைத் தொடுகிறது என்று கவனிப்பது.

எல்லா வைரஸையும் தவறாமல் பிடிக்கும் நிரல் என்றாவது வருமா? வராது என்று கோஹன் 1980களிலேயே காட்டிவிட்டார். அப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சோதகர் என்று அழைப்போம். நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் சோதகரைக் கூப்பிட்டு, "நான் வைரஸா?" என்று கேட்கும். "ஆம்" என்றால் எதுவும் செய்யாமல் முடித்துக்கொள்ளும். "இல்லை" என்றால் பரவும். சோதகர் "ஆம்" என்றால் என் நிரல் பரவாது, ஆகவே அது வைரஸ் இல்லை. "இல்லை" என்றால் பரவிவிடும், ஆகவே அது வைரஸ். எதைச் சொன்னாலும் சோதகர் சொன்னது தப்பு. ஆன்டிவைரஸ் விற்பவர்கள் "முழுப் பாதுகாப்பு" என்று விளம்பரம் செய்யும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கு வரிக் கணக்கு நினைவுக்கு வரும்.

உங்கள் கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க உண்மையான வைரஸைத் தேடிப் போக வேண்டாம். அதற்கென்றே 'ஐகார்' சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. 68 எழுத்துகள், விசைப்பலகையில் தட்டச்சு செய்யக்கூடியவை. அவற்றை ஒரு கோப்பில் சேமித்தால் பழைய டாஸில் இயங்கும் முழுமையான நிரலாகிவிடும். இயக்கினால், தான் ஒரு சோதனைக் கோப்பு என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். யாரையும் தொற்றாது, எதையும் அழிக்காது. இருந்தும் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு அதை வைரஸ் என்றே பிடிக்கின்றன. நீங்கள் சேமித்த மறு நொடி அந்தக் கோப்பு காணாமல் போய், எச்சரிக்கைப் பெட்டி ஒன்று திரையில் எழும்பினால் எல்லாம் சரியாக இருக்கிறது.